மைனி வீட்டுச் சுவர்

மைனியின் குரலுக்குள் வேறொரு சத்தம் இருப்பதை முதலில் கேட்டவள் நான்தான்.

மைனி என்றால் என் அண்ணன் பெஞ்சாதி. எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒட்டினாற்போல இருக்கும். இரண்டு வீட்டிலும் முன்பக்கம் தறிக்கூடம், பின்பக்கம் குடித்தனம். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் யாரும் மெதுவாகப் பேசிப் பழகியதில்லை. விசைத்தறி ஓடுகிற சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றித்தான் பிள்ளைக்குத் தாலாட்டே பாடுவோம். அதனால் எங்களுக்குச் சின்னச் சத்தங்கள் கேட்காது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை. தறிச்சத்தம் எங்களுக்குச் சத்தமே கிடையாது, காற்று மாதிரி அது. அதற்குள்ளே ஓர் இழை அறுந்தால் உடனே தெரியும்.

நான் தார் சுற்றிக்கொண்டிருப்பேன். ஊடைக்கு, குறுக்கே ஓடுகிற இழைக்கு, வேண்டிய நூலைச் சின்னக் குச்சியில் சுற்றி எடுக்கிற வேலை அது. செல்போனைப் பக்கத்தில் வைத்து, எங்கள் பயிற்சி வகுப்புப் பெண்களின் குரூப்பில் வந்த பேச்சுப் பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்பேன். மைனியின் முறை வரும்.

"காலையில ரெண்டு இட்லி, சாம்பாரு. மத்தியானம் கேப்பைக்களி, கீரை. இன்னைக்கு என்னியப் பத்தி நல்ல வார்த்தை, நான் சோர்வா இல்ல."

இட்லிக்கும் களிக்கும் நடுவில் ஒரு இடைவெளி. அதில் நறநற என்று ஏதோ அரைபடும். வெறுங்காலால் ஆற்றுமணலை மிதித்தால் வருமே, அந்த மாதிரி. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். செல்போன் கோளாறாக இருக்கும் என்று துடைத்து வைத்துவிட்டு, அடுத்த நாள் கேட்டால் அதே இடைவெளி, அதே சத்தம்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அப்பளம் திங்காளோ என்னமோ," என்றார் அவர். "ஒனக்குத் தும்மல் வந்தாலே ஆம்புலன்ஸ் வரணும். இப்ப அடுத்த வீட்டுக்காரி மெல்லுறதுக்கும் கவலைப்பட ஆரம்பிச்சிட்டியா?"

அவர் சொல்வதிலும் ஞாயம் உண்டு. எட்டாங் கிளாஸோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். படித்தவர்கள் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று பிரித்து வைத்திருப்பார்கள். எனக்கு அந்தப் பிரிப்பு தெரியாது, எல்லாவற்றுக்கும் பயப்பட்டு வைப்பேன். விக்கல் நிற்கவில்லை என்று நெஞ்சுக்குப் படம் எடுத்துப் பார்த்தவள் நான். அரசாஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற அம்மாவுக்கே என் முகம் தெரியும்.

அந்தப் பயத்தில்தான் நான் பயிற்சி வகுப்பிலும் சேர்ந்தேன். ரதவீதிப் பக்கம் ஒரு பாத்திரக்கடை மாடியில், பெண்களுக்கு மட்டும் என்று நடந்தது அது. என்ன சாப்பிட வேண்டும், எப்படி உடம்பை வளைக்க வேண்டும், மனசை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும், மூன்றும் சொல்லித் தருவார்கள். நடத்தியவர் எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவர், படித்தவர், நல்ல மாதிரி. தன்னைக் 'கோச்' என்று கூப்பிடச் சொன்னார். எனக்குத் தனியாகப் போகப் பயம் என்று துணைக்கு வந்தவள் மைனி.

"கோச்சுன்னா ரயில்பெட்டில்லா," என்றாள் மைனி முதல் நாளே. கோச்சும் சிரித்துவிட்டார். மைனி போகிற இடத்தில் முதல் சிரிப்பு அவளிடமிருந்துதான் கிளம்பும்.

தினமும் தட்டைப் படம் பிடித்து குரூப்பில் போட வேண்டும். பொழுது சாய்ந்ததும் தின்றதைக் குரலில் சொல்லி, நம்மைப் பற்றி நாமே ஒரு நல்ல வார்த்தை சேர்க்க வேண்டும். வாரத்தில் ஒரு காலை எடை. அதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காதது ஒன்றுதான். பயிற்சி முடிந்ததும் எங்களைப் பாயில் மல்லாக்கப் படுக்கச் சொல்லுவார். மின்விசிறியை நிறுத்திவிடுவார். பிறகு பைய, தூரத்திலிருந்து பேசுகிற மாதிரி சொல்லுவார்: "கண்ணை மூடுங்க. ஒங்க உடம்பு ஒங்ககிட்ட பேசும். என்ன கேக்குதுன்னு கவனிங்க. உடம்பு பொய் சொல்லாது."

மூடிய கண்ணுக்குள் எனக்கு என் நெஞ்சு அடிப்பது மட்டும்தான் கேட்கும். அது எப்போது நிற்குமோ என்று எண்ணிக்கொண்டு கிடப்பேன். சுற்றிலும் பெண்கள் வரிசையாக அசையாமல் கிடப்பதைப் பக்கவாட்டில் பார்த்தால், துணி போர்த்தாதது ஒன்றுதான் குறை என்று தோன்றும். ஒருநாள் அப்படிக் கிடக்கும்போது என் பக்கத்துப் பாயிலிருந்து மைனி, உதடு அசையாமல், "கேக்கு" என்றாள்.

"என்ன கேக்கு மைனி?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. எச்சில் விழுங்குகிற சத்தம் மட்டும் வந்தது.

அதற்குப் பிறகு மைனி மெலிய ஆரம்பித்தாள். எடை மெஷினில் ஏறும்போதெல்லாம் முள் இறங்கியது. கோச் கை தட்டினார், நாங்களும் தட்டினோம். நிறமும் வந்தது. கறுத்த மனுஷி, முதலில் மாநிறமாகி, பிறகு மெழுகு மாதிரி வெளுத்தாள். வகுப்பில் மற்றப் பெண்கள் அவளைச் சுற்றி நின்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"யக்கா, என்ன கிரீம் போடுதிய? எங்களுக்கும் சொன்னா என்ன?"

"கேப்பைக்களிதான். வேற ஒண்ணுமில்ல."

"களி தின்னு கறுத்தவளத்தான் நாங்க பாத்திருக்கோம்."

எல்லாரும் சிரித்தார்கள். மைனியும் சிரித்தாள், ஆனால் சிரித்து முடித்துவிட்டு மூச்சு வாங்கினாள். அவள் கையைப் பிடித்தேன். ஆனி மாதத்து வெயிலில் அந்தக் கை கிணற்றடிக் கல் மாதிரி குளிர்ந்திருந்தது. கைகழுவிவிட்டு வந்தவள் போல, அவள் நகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றது. நகம் என்றால் தண்ணீர் வழிந்துதானே ஓடும். மைனியின் நகங்கள் கரண்டி மாதிரி நடுவில் குழிந்து போயிருந்தன. அந்தக் குழியில் சொட்டு அசையாமல் உட்கார்ந்து என்னைப் பார்த்தது.

சுவரில் குழி விழுந்ததும் அந்தச் சமயத்தில்தான்.

அண்ணன் வீட்டுப் பின்கட்டில் ஒரு அறை இருக்கிறது. தாத்தா காலத்து மண்சுவர், சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்து செம்மண் தெரியும். விறகு போட்டிருந்த அறை, கேஸ் வந்த பிறகு அதில் யாருக்கும் வேலை இல்லை. அங்கே தரையில் உட்கார்ந்தால் முகத்துக்கு நேராக வருகிற உயரத்தில், ஒரு குழி. முதலில் உள்ளங்கை அளவு. ஆடி பிறப்பதற்குள் சருவச்சட்டி கவிழ்த்த அளவுக்கு ஆகிவிட்டது. எலி குடைந்தால் மண் கீழே கொட்டிக் கிடக்கும். இங்கே ஒரு பிடி மண்ணும் உதிரவில்லை. குழியின் உட்பக்கம் நாக்கால் நக்கினது மாதிரி வழுவழுவென்று இருந்தது.

"பெருச்சாளி," என்றான் அண்ணன்.

"பெருச்சாளி மண்ணைத் தூக்கிட்டா போகும்?" என்று கேட்டேன்.

அடுத்த தெருவில் ஒரு பெரியம்மா உண்டு. பிரசவமோ சாவோ, எதுவானாலும் முதல் ஆளாக வந்து நிற்பவள். வந்து பார்த்தாள். குனிந்து வாசம் பிடித்தாள். பிறகு பின்வாங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இது புத்துல்லா. நாகம் வந்து தங்குற எடம். ஏலே, ஒன் வீட்டுக்கு அம்மன் வந்திருக்கா, நீ பெருச்சாளிங்கியே."

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். எங்கள் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். தலைவலி, சொறி, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, எது வந்தாலும் நெற்றியில் பூசி, நாக்கில் ஒரு துளி வைத்துக்கொள்வோம். வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பலகாரத்தோடு ஒரு பொட்டலம் புற்றுமண்ணும் போகும். மண் எங்களுக்கு அழுக்கு இல்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு மண்சுவர் தானாகக் குழிந்தால், அதற்கு வேறு அர்த்தம் சொல்ல யாருக்கும் நாக்கு வராது. எனக்கும் வரவில்லை. பெரியம்மா மஞ்சள் பூசினாள், குங்குமம் வைத்தாள். மறுநாள் யாரோ ஒருத்தி ஒரு கிண்ணத்தில் பால் வைத்துவிட்டுப் போனாள். அந்த அறைக்குள் செருப்போடு போகக் கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டான்.

சுவரில் மஞ்சள் பூசும்போது மைனி மட்டும் கதவோரம் நின்றாள். அவள் முகத்தில் பக்தி இல்லை. திருட்டைக் கண்டுபிடிக்க வந்தவர்கள் திருடினவனுக்கே மாலை போட்டால் அவன் முகம் எப்படிப் போகும், அப்படிப் போயிருந்தது. அது அப்போது எனக்குப் புரியவில்லை. பயம் மட்டும் வந்தது.

ஆடிக்காற்று வீசத் தொடங்கியது. மேற்கே மலைப்பக்கம் சாரல், எங்களுக்கு வெறும் காற்றும் புழுதியும்தான். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து ஆள் கூப்பிடுகிற மாதிரி ஊளையிடும். ஒரு மத்தியானம் கரண்டு போனது. தெரு முழுக்கத் தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அந்த அமைதி எங்கள் தெருவுக்குப் பழக்கமில்லாதது. காது அடைத்தது மாதிரி இருக்கும், பிள்ளைகள்கூடப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். காற்றும் அந்த நேரம் பார்த்து அடங்கியது.

அப்போது கேட்டது. நறநற.

செல்போனில் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம்.

எழுந்து போனேன். எனக்கே இப்போது நினைத்தால் ஆச்சரியம்தான். பல்லி விழுந்தால் தெருவுக்கு ஓடுகிறவள் நான். அண்ணன் வீட்டுப் பின்வாசல் திறந்து கிடந்தது. அந்த அறைக்கு வெளியே மைனியின் செருப்பு ஒழுங்காகச் சேர்த்துக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே, ஓட்டு இடுக்கில் விழுந்த வெளிச்சத்தில், மைனி சுவரைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. வலது கை குழிக்குள் போகும், நகம் சுரண்டும், வாய்க்குப் போகும். அவசரமே இல்லை. சோறு தின்பவளும் அப்படித்தான் தின்பாள்.

"மைனி."

அவள் திரும்பினாள். உதட்டில் செம்மண், பல்லிடுக்கில் செம்மண், முகவாயில் மஞ்சளும் குங்குமமும். வெளுத்த முகத்தில் அந்தச் சிவப்பு. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏட்டி, பயப்படாத," என்றாள். குரல் பழைய மைனியின் குரல்தான். "உடம்பு கேக்கு. கோச் சொன்னாள்லா, கேட்டா குடுக்கணும்னு. எனக்கு இது ஒண்ணைத்தான் கேக்கு. சோத்தப் பாத்தாக் குமட்டுது. படம் பிடிச்சிட்டு மாட்டுக்குப் போட்டுருதேன்."

"எத்தன நாளா?"

"மழைக்கு மண்ணு வாசம் வருமே. அந்த வாசம் எனக்கு எப்பவும் வருது ஏட்டி. தூக்கத்துலயும் வருது."

"அண்ணன்ட்ட சொல்லுவோம். டாக்டர்ட்ட போவோம்."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். குளிர்ந்த பிடி.

"சொல்லாத. மஞ்சள் பூசிட்டாங்க. இனிச் சொன்னா, அம்மன் புத்தைத் தின்னவள்னு சொல்லுவாங்க. வேற ஒண்ணும் இருக்கு. அத ஒன்ட்டயும் சொல்ல மாட்டேன்."

சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. கவலையை வயிற்றில் வைத்திருக்கிற ஆள் இல்லை நான். அன்று சாயங்காலமே அண்ணனிடம் சொன்னேன். அவன் தறியை நிறுத்தாமல் கேட்டான்.

"புத்துமண்ணுதான? பிரசாதம் தின்னா என்ன?"

"பிடி பிடியாத் திங்கா."

அவன் தறியை நிறுத்தினான். பிறகு வேறு மாதிரி குரலில், "அப்ப பெரியம்மா சொன்னது சரிதான். அவ மேல அம்மன் எறங்கியிருக்கா," என்றான்.

நான் நோய் என்று நினைத்துச் சொன்னது அவன் காதில் வரமாக விழுந்தது. ஊரெல்லாம் பரவ ஒரு நாள் போதவில்லை. பெண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து மைனியிடம் திருநீறு வாங்கினார்கள். மைனி பூசிவிட்டாள், கை நடுங்கியது, அருள் என்றார்கள். வெயிலில் நின்றால் கண் இருட்டிச் சுவரைப் பிடித்தாள், அருள் என்றார்கள். இனி இவளை யாரும் டாக்டரிடம் கூட்டிப் போக மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துபோனது. சாமி வந்தவளுக்கு எவன் ஊசி போடுவான்? வணங்கி வணங்கியே இவளைக் கொன்றுவிடுவார்கள் என்று தோன்றியது. அந்த எண்ணம் வந்த பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று.

கோச்சிடம் போனேன். அவர் கவனமாகத்தான் கேட்டார். "சத்துக்குறைவா இருக்கலாம்க்கா. ஆனா அவங்க போடுற தட்டுல எல்லாமே சரியா இருக்கே," என்று போனில் மைனியின் படங்களைக் காட்டினார். களி, கீரை, முட்டை, பயறு. மாடு தின்ற சாப்பாடு அத்தனையும் அழகாகத் தெரிந்தது. மாட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "நான் பேசுதேன்," என்றார். பேசினார். மைனி அவரிடம் சிரித்துச் சமாளித்து, வகுப்பில் எல்லார் முன்னாலும் ஒரு முட்டையை உரித்துத் தின்று காட்டினாள். பிறகு மாடிப்படியடியில் வாந்தி எடுத்ததை நான்தான் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

ஆடித்தபசுக்குக் கொடி ஏறியது. எங்கள் ஊரில் அந்த நாட்களில் கோயிலைச் சுற்றி நடப்பது வேண்டுதல். அம்மன் ஒற்றைக்காலில் நின்று தபசு பண்ணுகிறாள், நாம் சுற்றச் சுற்ற அவள் கால்வலியில் கொஞ்சத்தை நாம் வாங்கிக்கொள்கிறோம் என்பார்கள். ஆடிச்சுத்து என்று பெயர். கோச்சும் வகுப்புப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து நடப்பதென்று முடிவாகியது. நடைப்பயிற்சிக்கு நடைப்பயிற்சி, புண்ணியத்துக்குப் புண்ணியம். மைனி வரவில்லை என்றாள்.

"ஒன் வீட்டுக்கே வந்தவள நீ போய்ப் பாக்க மாட்டியா?" என்றாள் பெரியம்மா. அதற்கு மேல் மைனி மறுக்கவில்லை.

விடிந்தும் விடியாத நேரம். காற்றில் எல்லார் சேலையும் ஒரே திசையில் அடித்தது. கூட்டம் வாய் திறக்காமல் நடந்தது, ஆயிரம் வெறுங்கால்கள் கல்லில் படுகிற சத்தம் மட்டும். நான் மைனியின் கையை விடவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் சன்னதிக்கு நேரே வரும்போது எல்லாரும் கைகூப்பித் திரும்பினார்கள். மைனி முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒருமுறை இல்லை, ஒவ்வொரு முறையும். அடிபடப்போகிறவள் மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு, அந்த இடத்தை மட்டும் வேகமாகக் கடந்தாள்.

"பாத்தியா, சாமிக்குச் சாமி நேருக்குநேர் பாக்காது," என்று எங்கள் பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள். நான் பிடித்திருப்பது யார் கை என்று ஒரு நொடி சந்தேகம் வந்தது. உண்மையைத்தான் சொல்லுகிறேன், விட்டுவிட்டு ஓடலாமா என்றுகூட நினைத்தேன்.

ஒரு சுற்றில் மைனி நின்று மதிலில் சாய்ந்தாள். நான் அவள் நெஞ்சில் காது வைத்தேன். உள்ளே தறி ஓடியது. நெசவு இல்லாமல், நூல் இல்லாமல், வெறுந்தறி தடதடவென்று அடிக்கிற மாதிரி. எனக்குத் தெரிந்த சத்தம் அது. வெறுந்தறியை அப்படி ஓடவிட்டால் ஏதோ ஒன்று முறியும்.

பெண்கள் சுற்றிக் கூடினார்கள். ஒருத்தி மைனியின் காலில் விழுந்தாள். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. மைனியை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் யாரும் விட மாட்டார்கள். ஆனால் என்னைக் கொண்டுபோக யாரும் தடுக்க மாட்டார்கள்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே கல்லில் உட்கார்ந்தேன்.

"எனக்கு என்னமோ பண்ணுது. கண்ணக் கட்டுது. ஆஸ்பத்திரிக்குப் போகணும். மைனி, நீங்க கூட வாங்க, நீங்க தொட்டுக்கிட்டே இருந்தாத்தான் எனக்குத் தெம்பு."

"ஆரம்பிச்சிட்டா," என்றாள் பெரியம்மா. "நாள் கெழமை பாக்காம வந்திரும் இவளுக்கு."

யாரும் சந்தேகப்படவில்லை. என் பேர் அப்படி. கோச் மட்டும் என் கண்ணைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஆட்டோ பிடித்தார், அவரும் ஏறிக்கொண்டார்.

அரசாஸ்பத்திரியில் நர்ஸ் என்னைப் பார்த்ததும், "என்னக்கா, இன்னைக்கு என்ன வந்திருக்கு?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அவர் பார்வை எனக்குப் பின்னால் போய் நின்றது. எழுந்து வந்தார். என்னைத் தாண்டிப் போய் மைனியின் கீழ் இமையை விரலால் இழுத்தார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் காகிதம் மாதிரி இருந்தது.

"யாருக்கு வைத்தியம்?"

"எனக்குத்தான்," என்றேன், பழக்கத்தில்.

"நீ அங்கன போய் உக்காரு. இவங்க எப்படி நடந்து வந்தாங்க?"

ஊசியில் ஏறிய ரத்தம் வெளிறி இருந்தது. சேலையில் பட்ட சாயத்தைப் பலமுறை அலசின பிறகு வாளியில் நிற்கிற தண்ணீர் மாதிரி. ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தார்கள். டாக்டரம்மா வந்து, எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு மைனியிடம் பேசினார். திரைக்கு அந்தப் பக்கம் மைனி அழுகிற சத்தம் கேட்டது. அவள் அழுது நான் கேட்டதே இல்லை.

திரும்பி வந்த டாக்டரம்மா சொன்னார். கர்ப்பப்பையில் கட்டி. மாதக்கணக்கில் நிற்காத உதிரப்போக்கு. உடம்பில் இரும்புச்சத்து சுத்தமாக வடிந்துவிட்டது, அப்படி வடிந்தால் சிலருக்கு மண் தின்னச் சொல்லும். இன்னும் கொஞ்ச நேரம் நடந்திருந்தால் இதயம் நின்றிருக்கும்.

அவள் என்னிடம்கூடச் சொல்ல மாட்டேன் என்றது அதைத்தான். தீட்டோடு இருக்கிறவள் வீட்டுச் சுவரில் புற்று என்று மஞ்சள் பூசிவிட்டார்கள். இனி எப்படிச் சொல்லுவாள்? தீட்டோடுதான் திருநீறு பூசினாள், தீட்டோடுதான் கோயிலைச் சுற்றினாள். ஒவ்வொரு சுற்றிலும் அம்மன் பார்த்துவிடக் கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாமிக்கு முன்னால் சாமி என்று நாங்கள் நினைத்தது, பயந்துபோன ஒரு மனுஷி.

திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அண்ணன் ரத்தம் கொடுத்தான், கோச்சும் கொடுத்தார். ரத்தம் ஏற ஏற மைனியின் உதட்டில் நிறம் வந்ததை நான் கட்டிலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணெடுத்தால் மறுபடி வெளுத்துவிடுவாள் என்று பயம். அவள் கண் விழித்து முதலில் கேட்டது, "அம்மன் கோவிச்சிருப்பாளா ஏட்டி?"

"அவளும் பொம்பளதான மைனி. ஒத்தக்கால்ல நிக்கவ, அவளுக்குத் தெரியாத வலியா?"

மைனி தலையைத் திருப்பிக் கட்டிலைச் சுற்றிப் பார்த்தாள். "கோச் எங்க? பெட்டி தடம் புரண்டுட்டுன்னு சொல்லு," என்றாள். கதவோரம் நின்ற கோச் சிரிக்கவில்லை. மைனியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஆபரேஷன் முடிந்து, மாத்திரையும் ஈரலும் முருங்கைக்கீரையுமாக மைனி தேறினாள். பழைய கறுப்பு திரும்பியது. வகுப்பில் யாரும் கிரீம் கேட்கவில்லை. இப்போது கோச் எடை மெஷினில் ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொருத்தியையும் தனியே கூப்பிட்டு மாதப்போக்கைப் பற்றிக் கேட்கிறார், ஜன்னல் வெளிச்சத்தில் இமையை இழுத்துப் பார்க்கிறார். உடம்பு பேசும் என்பதை அவர் விடவில்லை. பேசுவதைத் தனியாகக் கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள், பக்கத்தில் இருக்கிறவளிடம் சொல்லுங்கள் என்று சேர்த்துக்கொண்டார். மைனிக்கு இப்போது மண்வாசம் வந்தால் குமட்டுகிறது. மழை பெய்தால் ஜன்னலைச் சாத்துகிறாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அண்ணன் சுவரைப் பூச ஆள் கூப்பிட்டான். வந்த கொத்தனார் மஞ்சளைப் பார்த்துவிட்டு, கரண்டியை வைக்க மாட்டேன் என்று போய்விட்டார். பெரியம்மா ஒப்பவில்லை. "அவளுக்கு நோய்தான், ஒத்துக்கிடுதேன். அந்த நோயக் காட்டிக் குடுத்தது யாரு? அம்மன்தான?" என்றாள். குழி அப்படியே இருந்தது. பின்வாசல் வழியாகப் பெண்கள் வந்து கும்பிட்டுப் போனார்கள்.

ஒருநாள் அந்த அறையைக் கூட்டப் போனேன். குழி முன்பைவிட ஆழமாகத் தெரிந்தது. என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்து, ஒரு தார்க்குச்சியை உள்ளே விட்டு, குழியின் விளிம்பு வந்த இடத்தில் அதில் கீறி அடையாளம் வைத்துவிட்டு வந்தேன். கொஞ்ச நாள் கழித்து அதே குச்சியை விட்டுப் பார்த்தேன். அடையாளம் உள்ளே போயிருந்தது. கீழே ஒரு பிடி மண்கூட உதிர்ந்திருக்கவில்லை. மஞ்சளுக்கு மேலே, புதிதாக, நகக்கீறல்.

மைனியிடம் ஓடினேன். அவள் தன் இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினாள். நகங்கள் நேராக வளர்ந்திருந்தன, அடியில் துளி மண் இல்லை.

"நான் இல்ல ஏட்டி."

"அப்ப யாரு?"

இரண்டு பேரும் தெருவில் இருக்கிற பெண்களை ஒவ்வொருத்தியாக நினைத்துப் பார்த்தோம். யார் வெளுத்திருக்கிறாள், யார் மூச்சு வாங்குகிறாள் என்று. நினைக்க நினைக்க ஒருத்தி பாக்கி இல்லாமல் எல்லாரும் வந்தார்கள்.

"அண்ணன்ட்டச் சொல்லி அந்த ரூமப் பூட்டச் சொல்லுதேன்," என்றேன்.

மைனி அவசரமாகத் தலையை ஆட்டினாள். "பூட்டாத. பூட்டுனா அவ வேற செவத்துக்குப் போயிருவா. நமக்குத் தெரியாமப் போயிரும்."

அதனால் பூட்டவில்லை. மத்தியானத்தில் நானும் மைனியும் அடுப்படியில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருக்கிறோம். அவள் முருங்கைக்கீரையை உருவி வைத்திருக்கிறாள், அடுப்பில் சூப்பு சூடாக இருக்கிறது. வருகிறவள் பயந்துவிடக் கூடாது, முதல் வார்த்தை என்ன சொல்வது என்று நான்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இன்றைக்குக் கரண்டு போனது. தெருவில் தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. காற்றும் இல்லை. மைனி என் கையைப் பிடித்தாள், வெதுவெதுப்பான கை.

பின்வாசலில், யாரோ செருப்பைச் சேர்த்துக் கழற்றி வைக்கிற சத்தம் கேட்டது.